ஃபைபர் நெட் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மோடம் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அது ரீசெட் பட்டன். அதைப் பத்து நொடி அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (நெட் எந்தத் தடத்தில் வருகிறது என்று நிறுவனம் தரும் எண்), வைஃபை பெயர் எல்லாம் அழிந்துவிடும். அதுவரை ஒரு கோளாறு இருந்திருந்தால் இப்போது இரண்டாகிவிடும். டெக்னீசியன் வந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக்கொடுத்தால்தான் நெட் வரும். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. முன்னதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

வீட்டு நெட் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை, பிரச்சினை எந்தத் துண்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி சரிசெய்த மாதிரி. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒரு துண்டு. அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி (மோடம் என்போம், டெக்னீசியன்கள் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்பார்கள்) இரண்டாவது. அந்தப் பெட்டி நிறுவனத்தின் சர்வரில் லாகின் ஆவது மூன்றாவது. பெட்டியிலிருந்து உங்கள் போனுக்கோ கணினிக்கோ வரும் வைஃபை அல்லது லேன் கேபிள் நான்காவது. கடைசியில் அந்தப் போனும் கணினியும். கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் இப்போது பரவலாக இருக்கும் ஜிபான் வகை (ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும்) ஃபைபர் இணைப்புக்கானது.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச் லைட், நல்ல நிலையில் உள்ள ஒரு மீட்டர் லேன் கேபிள், லேன் போர்ட் உள்ள லேப்டாப். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிகாபிட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் ஒரு லைட்டும் எரியவில்லை, அல்லது தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது

பிளக் பாயின்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கரண்ட் வருகிறது, பெட்டிதான் எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான். ஆம்பியர் மட்டும் 0.5, 1, 1.5, 2 என்று பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருக்கும். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுப்பகுதி ப்ளஸ்ஸா மைனஸா என்ற குறி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. பழுதான அடாப்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் உப்பிப் போயிருந்தால், சும்மா இருக்கும்போது வோல்ட் நன்றாக இருக்கும், பெட்டி கரண்ட் இழுக்கத் தொடங்கியதும் படுத்துவிடும். பவர் லைட் வரும், மற்ற லைட்டுகள் ஒவ்வொன்றாக வரும், வைஃபை லைட் வந்த நொடியில் எல்லாம் அணைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் பெட்டியைக் குறை சொல்லாமல் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

மின்தடையின்போது பெட்டியை ஓட்ட மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஜிபானில் கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. மறுமுனையில் ஆபரேட்டரின் அறையில் இருக்கும் ஓஎல்டிக்கு (எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் வெளிச்சம் அனுப்பும் மெயின் பெட்டி) மட்டும்தான் வேண்டும். கரண்ட் போய் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சிவப்பு லைட் வருகிறதென்றால், பேட்டரி தீர்ந்தது அங்கேதான்.

எல்ஓஎஸ் லைட் சிவப்பாக எரிகிறது

வெளிச்சம் வரவில்லை என்று பெட்டி சொல்கிறது. வைஃபை, பாஸ்வேர்டு, ரீசார்ஜ் எதற்கும் இதில் பங்கில்லை. ரீஸ்டார்ட் செய்வதாலும் பயனில்லை. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, இணைப்பு நழுவியிருக்கிறது, அல்லது மேலே சொன்னபடி ஓஎல்டியில் கரண்ட் இல்லை.

முதலில் பக்கத்து வீட்டில், அதே நிறுவன இணைப்பு உள்ளவரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் மெயின் கேபிள் கட் அல்லது ஓஎல்டி பக்கக் கோளாறு, நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. அவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் கம்பத்திலிருந்து உங்கள் பெட்டி வரையிலான துண்டைத் தேடினால் போதும்.

பெட்டியில் செருகியிருக்கும் பச்சைத் தலையைப் பாருங்கள். கூட்டிப் பெருக்கும்போது துடைப்பம் பட்டுப் பாதி வெளியே வந்திருக்கும். உள்ளே தள்ளினால் 'டக்' என்று உட்காரும். அடுத்து, அந்த மெல்லிய வயரின் பாதை முழுக்க டார்ச் அடித்துப் பாருங்கள்: டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா, ஜன்னல் கதவு அழுத்துகிறதா, மீதி வயரைச் சின்ன வளையமாகச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்களா. சாதாரண ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைத்தால் வெளிச்சம் வழியிலேயே கசியும். வளைவைத் தாங்கும் ஃபைபர்கள் 1 சென்டிமீட்டர் வரை பொறுக்கும் என்றாலும், வீட்டில் எது போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனால் சாப்பாட்டுத் தட்டளவு வளையமாகவே விட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. தலையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். உள்ளே வரும் 1490 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. முனையைச் சட்டையில் துடைக்காதீர்கள், விரலால் தொடாதீர்கள். வெளிச்சம் போகும் பாதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம், விரல் பிசுக்கே அதை மறைக்கப் போதும். துடைக்கத்தான் வேண்டுமென்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணி. மூன்றாவது, பச்சைத் தலை வர வேண்டிய இடத்தில் நீலத் தலை உள்ள பேட்ச் கார்டு (இரு முனையிலும் தலை உள்ள சின்ன ஃபைபர் வயர்) வாங்கிச் செருகாதீர்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது, நீலம் கிட்டத்தட்ட நேர் முனை. இரண்டும் உள்ளே நுழையும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும்.

வீட்டுக்குள் எல்லாம் சரியென்றால் மாடிக்குப் போங்கள். அணில், எலி கடித்த தடம், உயரமான லாரி இழுத்துவிட்டுப் போனது, மரக்கிளை வெட்டும்போது சேர்த்து வெட்டியது — இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கும் டிராப் கேபிளுக்குள் இரும்புக் கம்பி இருக்கலாம். அது மறுமுனையில் மின்கம்பி மேல் கிடக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. தொடவே தொடாதீர்கள்.

எல்ஓஎஸ் அணைந்துவிட்டது, பான் லைட் மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது

பான் என்பது பெட்டி ஓஎல்டியோடு சேர்ந்துவிட்டதைக் காட்டும் லைட். வெளிச்சம் வருகிறது, ஆனால் போதவில்லை. அல்லது ஓஎல்டி உங்கள் பெட்டியை ஏற்கவில்லை. எது என்று அறிய, பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் போய், அதே லேபிளில் உள்ள பாஸ்வேர்டைக் கொடுத்து, ஆப்டிகல் அல்லது பான் என்ற பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு) எண்ணைப் பாருங்கள்.

இந்த எண் எப்போதும் மைனஸில் இருக்கும். −15 முதல் −24 டிபிஎம் வரை நல்ல நிலை. பெட்டி தாங்கக்கூடிய எல்லை சுமார் −27. −26க்குப் போய்விட்டால் இன்று ஓடும், மழை வந்தால் நிற்கும். மறுபக்கம் −8க்கு மேல் போனால் வெளிச்சம் கூடுதலாகிப் பெட்டி திணறும். வீடுகளில் இது அபூர்வம். 3 டிபி குறைவது என்றால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். போன மாதம் −19, இன்று −25 என்றால் நான்கில் ஒரு பங்குதான் வந்துசேர்கிறது. நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில் இந்த எண்ணைப் பார்த்து பெட்டியின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். பிறகு எந்தச் சண்டையிலும் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் இதுதான்.

எண் நன்றாக இருந்தும் பான் நிலைக்கவில்லையென்றால், பெட்டியின் வரிசை எண் ஓஎல்டியில் பதிவாகவில்லை. பெட்டி மாற்றிய மறுநாள் இப்படி நடந்தால் காரணம் அநேகமாக இதுதான், போனிலேயே சரிசெய்துவிடுவார்கள்.

பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் லைட் மட்டும் இல்லை அல்லது சிவப்பு

ஃபைபர் நலமாக இருக்கிறது. லாகின் ஆகவில்லை. ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இதுதான் அதிகம் நடப்பது. பிஎஸ்என்எல் ஃபைபர் போன்ற பிபிபிஓஇ இணைப்புகளில் பெட்டிக்குள் யூசர்நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். பெட்டியை அணைத்து உடனே போடாமல் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். பழைய லாகின் சர்வரில் தொங்கிக்கொண்டிருந்தால் புதியதை அது ஏற்காது. இந்த இடைவெளியில் அது விழுந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் கஸ்டமர் கேரில் "பான் நிற்கிறது, பிபிபிஓஇ செஷன் ஏறவில்லை" என்றே சொல்லுங்கள். "நெட் வரலை" என்று சொன்னால் ஆளை அனுப்புகிறோம் என்பார்கள். இப்படிச் சொன்னால் அங்கேயே பார்ப்பார்கள்.

எல்லா லைட்டும் சரி, போனில் 'இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்று வருகிறது

வேறொரு போனில் பாருங்கள். அதில் வந்தால் முதல் போனில்தான் விஷயம்: ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடித் தருவது) அமைப்பில் ஏதாவது பெயர் எழுதியிருந்தால் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள், விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள், தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

எல்லாக் கருவியிலும் இல்லையென்றால் லேப்டாப்பை லேன் கேபிளில் போட்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் கட்டளையை (ஒரு முகவரியைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) இந்த வரிசையில் கொடுங்கள். முதலில் 192.168.1.1. பதில் வரவில்லையென்றால் பிரச்சினை உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவில். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பெட்டி முகவரியே தரவில்லை. கேபிளை வேறு போர்ட்டில் போட்டு, பெட்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 192.168.1.1இலிருந்து பதில் வந்தால் அடுத்து 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்). இது வரவில்லையென்றால் கோளாறு பெட்டிக்கு அப்பால். இதுவும் வருகிறது, ஆனால் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். பெட்டியின் லேன் பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் எழுதிச் சேமித்தால் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துச் சரியாகிவிடும்.

சில தளங்கள் மட்டும் பாதி திறந்து நின்றுவிட்டால் அது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). பிபிபிஓஇ இணைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் லாகின் தலைப்புக்குப் போய்விடுவதால் 1500க்குப் பதில் 1492தான் மிஞ்சும். பெட்டியில் அல்லது நீங்கள் தனியாக வாங்கிப் போட்ட ரவுட்டரில் வான் (வெளி இணைப்பு) பக்கத்தில் 1500 என்றிருந்தால் 1492 ஆக்குங்கள்.

வைஃபையில் வேகமே இல்லை

புகார் செய்வதற்கு முன் லேன் கேபிளில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்தாக வேண்டும். கேபிளில் 100 எம்பிபிஎஸ் வருகிறது, வைஃபையில் 30 என்றால் நிறுவனம் தன் வேலையைச் செய்துவிட்டது. மீதி உங்கள் வீட்டுச் சுவர்களின் வேலை. இன்னொன்று, 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 12.5 மெகாபைட்தான் காட்டும், அது சரியான வேகமே.

பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைக் கடக்கும், ஆனால் நடைமுறையில் 40 முதல் 70 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அரிது. அடுக்குமாடியில் பத்து வீட்டுப் பெட்டிகள் அதே இடத்தில் கத்திக்கொண்டிருக்கும், போதாதற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டியதுமே களைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வெவ்வேறு பெயர் கொடுத்துப் பிரித்துவிட்டு, டிவியையும் லேப்டாப்பையும் 5இல் போடுங்கள். 2.4இல் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவானதில் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். மலிவான பிளான்களில் தரும் சில பெட்டிகளில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அதில் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டு வைஃபையில் மட்டும் பயன்படுத்துவது காசுக்குக் கேடு.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வயர் நுழைந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க் இவை சிக்னலை விழுங்கும் அல்லது திருப்பியடிக்கும். வீட்டின் நடுப்பகுதியில், ஐந்தடி உயரத்தில், எதிரே இரும்பில்லாமல் வையுங்கள். வைஃபை அனலைசர் ஆப்பில் −65 டிபிஎம் வரை வீடியோவுக்கும் வீடியோ காலுக்கும் நன்றாக இருக்கும். −75ஐத் தாண்டினால் அந்த அறைக்கு லேன் கேபிள் இழுத்து அக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் தரும் இன்னொரு பெட்டி) வைப்பதே தீர்வு. சுவரில் செருகும் ரிப்பீட்டர், கிடைக்கும் வேகத்தைப் பெரும்பாலும் பாதியாக்கிவிட்டுத்தான் நீட்டித் தரும்.

கேபிளில் போட்டாலும் 95க்கு மேல் ஏறவில்லை

200, 300 பிளான் வைத்திருந்து, எப்போது டெஸ்ட் செய்தாலும் 93, 94, 95 என்றே வந்தால் அது நிறுவனத்தின் கோளாறாக இருக்காது. ஜிகாபிட் வேகத்துக்கு லேன் கேபிளில் இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரே ஒரு கம்பி உடைந்திருந்தாலும் இரு முனைகளும் 100க்கு இறங்கி ஒத்துக்கொள்ளும், அதில் கைக்கு வருவது 95தான். ஆர்ஜே45 தலையின் தெளிவான பிளாஸ்டிக் வழியாகப் பாருங்கள்: எட்டு நிறங்களும் முனைவரை போய்த் தொட வேண்டும். பல வீடுகளில் நான்கு கம்பி மட்டும் அடித்திருப்பார்கள். கேட் 5இ அல்லது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசிய கேபிள் விலை குறைவு, சில மடிப்புகளிலேயே உள்ளே முறிந்துவிடும். பெட்டியின் எல்லா லேன் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி மட்டும் மெதுவாகிறது

காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், கேபிளில், ஒரே சர்வருக்கு டெஸ்ட் எடுங்கள். டெஸ்ட் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வரை விட்டுவிட்டு, மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வரை எடுங்கள். காலையில் 100, இரவில் 20 என்றால் நெரிசல். ஜிபானில் ஒரு போர்ட்டின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, பெரும்பாலும் அதற்கும் மேலே ஆபரேட்டர் வாங்கும் மொத்த அளவு போதாமல் இருக்கும். பகல் இரவு பாராமல் மாதக் கடைசியில் மட்டும் 2 அல்லது 4 எம்பிபிஎஸ் என்று ஒரே எண்ணில் அப்படியே நின்றால் அது டேட்டா வரம்பு முடிந்ததன் அடையாளம்.

ஸ்பீடு டெஸ்ட் நன்றாக வருகிறது, வீடியோ கால் மட்டும் திக்குகிறது என்றால் அப்லோடைச் சந்தேகியுங்கள். யாராவது ஒருவர் போனில் கல்யாண வீடியோக்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும், அல்லது கேமரா ஒன்று விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். 8.8.8.8க்கு பிங் ஓடவிட்டுப் பாருங்கள்: 10, 15 மில்லி செகண்டாக இருந்தது அந்த நேரத்தில் 300க்கு எகிறினால் அதுதான் காரணம். பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள், அல்லது ரவுட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுக்கும்) பகுதியில் அப்லோடுக்குப் பிளானின் 85 சதவீத வரம்பு போடுங்கள்.

அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது

பிடிப்பதற்கு மிகக் கஷ்டமானது இதுதான், ஏனென்றால் டெக்னீசியன் வரும்போது நன்றாக ஓடும். லேப்டாப்பை கேபிளில் போட்டு இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் 192.168.1.1, மற்றதில் 8.8.8.8, இரண்டுக்கும் நிற்காத பிங் ஓடவிடுங்கள். விண்டோஸில் கட்டளையின் கடைசியில் ஒரு ஹைபனும் டி எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். அறுபடும்போது இரண்டும் நின்றால் பெட்டியோ கேபிளோ அடாப்டரோ. இரண்டாவது மட்டும் நின்றால் வெளியே; அந்த நொடியில் எந்த லைட் மாறியது என்று பாருங்கள். எல்ஓஎஸ் சிவந்தால் ஃபைபர். பான் அசையாமல் இன்டர்நெட் லைட் மட்டும் போனால் லாகின் அல்லது அதற்கு மேலே.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில் மட்டும் என்றால் எங்கோ ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது, காற்றில் மட்டும் என்றால் டிராப் கேபிள் உரசுகிறது அல்லது இழுபடுகிறது. உச்சி வெயிலில் மட்டும் என்றால் மொட்டை மாடியில் வெறும் டேப் சுற்றி விட்ட ஜாயின்ட்டைப் பாருங்கள். கையால் அழுத்திப் போடும் ஃபாஸ்ட் கனெக்டர் ஐந்து நிமிட வேலை, ஆனால் சூட்டிலும் குளிரிலும் முனைகள் நகரும். மெஷினில் வைத்து உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங்தான் நிற்கும். டெக்னீசியனிடம் அதையே கேளுங்கள், கூடவே மேலே ஒரு மூடி போட்ட பெட்டியும்.

ஆள் வரும்போது

புகாருக்கு டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். லைன்மேனுக்கு நேரடியாகப் போன் செய்து வேலை முடிந்தாலும்கூட பதிவு முக்கியம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அமைப்பு இருக்கிறது, அங்கே போக அந்த எண் வேண்டும். சொல்ல வேண்டியது: எந்த லைட் எந்த நிறத்தில், ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு, கேபிளில் டெஸ்ட் எடுத்த வேகமும் நேரமும், பக்கத்து வீட்டில் வருகிறதா.

வேலை முடிந்ததும் அவர் பவர் மீட்டரை உங்கள் வீட்டுப் பச்சைத் தலையிலேயே 1490இல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சீட்டில் எழுதிய எண்ணுக்கும் இதற்கும் 2 டிபிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இணைப்பைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், நெட் வந்துவிட்டாலும் சரி. பெட்டியையே மாற்றியிருந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் அவர் கிளம்புவதற்கு முன் எழுதி வாங்கி, பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இணைப்பை நிறுத்தும் நாளில் அதற்கான பணத்தை டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள்.